2 லட்சம் ரூபாயில் ஒரு பள்ளியைப் பசுமையாக்குவது எப்படி?

தகடூர் அம்மா | திங்கள், இரவு 9.12

வணக்கம். எங்களுடையது தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை சுமார் 140 பிள்ளைகள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் தருகிறார்கள். பள்ளியைப் 'பசுமைப் பள்ளி' ஆக்க வேண்டும் என்பது நிபந்தனை. பட்டியலையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள்: 100 மரக்கன்று, சுற்றுச்சுவரில் யானை, மயில் ஓவியம், ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம், வாசலில் நன்கொடையாளர் பெயர்ப்பலகை. தலைமை ஆசிரியருக்குச் சம்மதம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பெண் பிள்ளைகளின் கழிவறை இரண்டில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மற்றதற்கு வாளியில் தண்ணீர் சுமந்து போக வேண்டும். மகள் காலையில் வீட்டில் குடிக்கும் ஒரு டம்ளர் தண்ணீரோடு சரி, மாலை வரை வாயில் தண்ணீர் படாது. கேட்டால் தாகமில்லை என்கிறாள். கொண்டுபோகும் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. கொடுப்பவர்கள் மனம் கோணாமல் இந்தப் பணத்தை எதில் போடச் சொல்வது?

புங்கமரம் | திங்கள், இரவு 9.50

அம்மா, மரத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 100 கன்று என்பதைத்தான் தள்ள வேண்டும். நூறு கன்று நட்டுப் படமெடுத்த பள்ளிகளுக்கு அடுத்த சித்திரையில் போய்ப் பாருங்கள், நூறு குழிகள் இருக்கும். மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே குழி தோண்ட வேண்டும்.

பன்னிரண்டு போதும். தெற்கிலும் மேற்கிலும் வகுப்பறைச் சுவரிலிருந்து 15 அடி தள்ளிப் புங்கன், வேம்பு, பூவரசு. விளையாடும் இடத்தின் ஓரம் ஒரு நாவல். பழக்காலத்தில் சட்டையெல்லாம் கறையாகும், ஆகட்டும். முருங்கையைச் சமையலறைப் பக்கம் வையுங்கள். அதன் கிளை பட்டென்று முறியும், பிள்ளைகள் ஏறும் இடத்தில் கூடாது. புரட்டாசி, ஐப்பசி மழையில் நடுங்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் நடுவது செய்தித்தாளுக்கு நல்லது, தருமபுரி வெயிலில் கன்றுக்கு நல்லதன்று. ஆடு மேயாமல் இருக்கக் கூண்டு வேண்டும், செலவில் பாதி அதற்கே போகும்.

நர்சரிக்காரர் 'சீக்கிரம் வளரும், பச்சைப் பசேலென்று இருக்கும்' என்று கோனோகார்ப்பஸ் கொடுத்தால் வாங்காதீர்கள். வேர் குழாய்களையும் கால்வாய்களையும் கெடுக்கிறது, மகரந்தம் மூச்சுத் தொல்லை தருகிறது என்று குஜராத் 2023-இல் அதைத் தடை செய்தது. பிறகு தமிழ்நாடும் அதே முடிவுக்கு வந்தது.

வேளச்சேரி அப்பா | திங்கள், இரவு 10.31

கட்டணம் கட்டும் பள்ளிகளிலும் கதை இதுதான், பூச்சு மட்டும் பளபளப்பு. என் மகன் படிக்கும் தனியார் பள்ளியில் சி.பி.எஸ்.இ. 2025-இல் சொன்னபடி 'சர்க்கரைப் பலகை' வைத்திருக்கிறார்கள். எந்தக் குளிர்பானத்தில் எத்தனை கரண்டிச் சர்க்கரை என்று வண்ணப் படம். அதிலிருந்து இருபது அடியில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அதே குளிர்பானம் விற்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதியே இருக்கிறது. எழுதிக் கேட்டேன். 'பரிசீலிக்கிறோம்' என்றார்கள். பரிசீலனை இரண்டாம் பருவத்துக்குள் நுழைந்துவிட்டது.

அம்மா, உங்கள் பள்ளி வாசலில் என்ன விற்கிறது?

தகடூர் அம்மா | திங்கள், இரவு 10.44

ஒரு பாட்டி நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்கிறார். எதிர்க்கடையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அதே கடையில் பீடியும் உண்டு.

வேளச்சேரி அப்பா | திங்கள், இரவு 10.52

பாட்டியை விட்டுவிடுங்கள். நெல்லிக்காயை ஒரு மூடி போட்ட டப்பாவில் வைக்கச் சொன்னால் போதும். பீடிக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. குழுவின் தாளில் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டு லட்சத்தில் ஒரு பைசா குறையாது.

கட்டடக்காரன் | செவ்வாய், காலை 6.05

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணத்தை எதில் போடுவது என்பதற்கு முன் சில கேள்விகள், அம்மா. ஒன்று பூட்டிக் கிடப்பது ஏன்? அடைப்பா, கதவு உடைந்ததா, சாவி ஆசிரியர்களுக்கென்று போய்விட்டதா? மூன்றாவது காரணத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். மேல்நிலைத் தொட்டி கழிவறைக் கூரையைவிட உயரத்தில் இருக்கிறதா? கழிவுநீர்த் தொட்டியின் மூடி கான்கிரீட்டா, துருப்பிடித்த தகரமா? இதை நாளைக்கே போய்ப் பாருங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து மழலை வகுப்புக் குழந்தை இறந்தது. கூரை என்ன? கான்கிரீட்டா, தகடா?

தகடூர் அம்மா | செவ்வாய், பிற்பகல் 1.20

பார்த்துவிட்டேன் ஐயா. பூட்டியதற்குக் காரணம் அடைப்பு. மூடி கான்கிரீட், ஒரு மூலை உடைந்து கம்பி தெரிகிறது. அதன் மேல் பழைய பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். சின்டெக்ஸ் தொட்டி 1,000 லிட்டர், கழிவறைக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் அதற்கு வரும் குழாய் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. நான்கு வகுப்பறை கான்கிரீட், இரண்டு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு.

கட்டடக்காரன் | செவ்வாய், பிற்பகல் 2.02

அப்படியானால் நிம்மதி. இது கட்டும் வேலை இல்லை, பழுது பார்க்கும் வேலைதான். குழாய், மிதவை வால்வு, அடைப்பெடுப்பு, மூடி, இரண்டு கதவுக் கொண்டி எல்லாம் சேர்த்து 40 ஆயிரத்தைத் தாண்டாது. குழாயை மண்ணுக்குள் புதையுங்கள், சுவரில் விட்டால் மறுபடி வெடிக்கும். அடைப்பை எடுக்க ஊராட்சி மூலம் இயந்திர லாரி வரட்டும். ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம்.

கூரைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்ட பிறகு பள்ளிகளில் கீற்றுக்குத் தடை வந்தது, சரி. பல இடங்களில் அதற்குப் பதிலாக ஏறியது தகரமும் கல்நாரும். தீப்பிடிக்காது, ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளை வெந்துபோகும். நம் தாத்தா காலத்துப் பள்ளிகளில் மரச் சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த அடுக்கு, அதன் மேல் தட்டை ஓடு. பங்குனியிலும் உள்ளே உட்காரலாம். இப்போது வெறும் நாலரை அங்குலக் கான்கிரீட் போட்டு, அதன் மேல் ஒன்றுமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். வெயிலால் பள்ளித் திறப்பே தள்ளிப்போகிற காலம் இது. 2023-இல் ஜூன் 1 என்றிருந்தது இரண்டாம் வாரத்துக்குப் போயிற்று, 2024-இல் 6 என்றிருந்தது 10 ஆயிற்று.

கான்கிரீட் தளத்துக்கு வெள்ளை அடியுங்கள். நீற்றிய சுண்ணாம்பு, வெள்ளை சிமெண்ட், கொஞ்சம் ஒட்டுப் பசை, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பூச்சு. அடிக்கும் முன் தளத்தைக் கழுவி, விரிசலை அடைத்துவிடுங்கள். மாசி மாதத்தில் அடித்தால் வெயில் காலத்துக்குச் சரியாக இருக்கும். உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். இருபதுக்கு இருபது அறைக்கு மேஸ்திரி கூலியோடு ஐயாயிரத்துக்குள் முடியும். ஆண்டுதோறும் தூசி கழுவி ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். கல்நார் தகட்டை மட்டும் துளைக்கவோ அறுக்கவோ சுரண்டவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அதை மாற்றுவது இரண்டு லட்சத்தில் ஆகாது. ஊராட்சி ஒன்றியத்துக்குத் தனி மனு போடுங்கள்.

மருந்துச்சீட்டு | செவ்வாய், இரவு 8.15

குழந்தை மருத்துவர். அந்தத் திரும்பி வரும் பாட்டிலைப் பற்றி இரண்டு வார்த்தை. சிறுநீர்த் தொற்றோடும் மலச்சிக்கலோடும் என்னிடம் வரும் பள்ளிப் பெண் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது 'பள்ளியில் கழிவறைக்குப் போவாயா?' என்பதே. பெரும்பாலும் தலை குனிந்து இல்லை என்பார்கள். தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'தண்ணீர் மணி'யைக் கேரளம் 2019-இல் தொடங்கியது, அதைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் 2025-இல் அடிக்கச் சொன்னார்கள். நல்ல யோசனை. ஆனால் மணி அடித்ததும் குடித்த தண்ணீர் ஒரு மணி நேரம் கழித்து எங்கே போகும் என்று யோசித்த பள்ளியில்தான் பிள்ளை குடிக்கும்.

ஆர்.ஓ. இயந்திரத்துக்கு முன் ஒரு கேள்வி. குடிக்க ஆழ்துளைக் கிணற்று நீரா, ஒகேனக்கல் நீரா? உங்கள் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் காவிக் கறை தெரியும், தேய்த்தால் போகாது. கூடவே எலும்பும் கெடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

தகடூர் அம்மா | செவ்வாய், இரவு 8.40

தெருவுக்கு ஒகேனக்கல் நீர் வருகிறது டாக்டர். பள்ளிக்கு இணைப்பு இல்லை, ஆழ்துளைக் கிணறுதான்.

மருந்துச்சீட்டு | செவ்வாய், இரவு 8.58

அப்படியானால் ஆர்.ஓ. பணத்தைச் சேமியுங்கள். ஊராட்சியிடம் இணைப்பு கேளுங்கள், குடிக்கவும் சமைக்கவும் அது. ஆழ்துளை நீர் கழுவவும் கழிவறைக்கும். ஆர்.ஓ. ஃபுளோரைடை நீக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும், வடிகட்டியை மாற்ற ஆளில்லாவிட்டால் ஓராண்டில் அது அலமாரி. தள்ளும் நீரில் ஃபுளோரைடு இன்னும் செறிவாக இருக்கும், கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.

குடிநீருக்குத் தனித் தொட்டி வைத்து, கழுவிய தேதியை அதன் மேலேயே பெயின்ட்டில் எழுதுங்கள். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 4 கிராம், வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். காலாண்டு விடுமுறை முடிந்து திறக்கும் நாள் மழைக்காலத் தொடக்கம். அன்று கழிவறைத் தொட்டி, உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து ஊற்றுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்த விடுமுறை தாராளம்.

அன்னக்கரண்டி | செவ்வாய், இரவு 9.30

சத்துணவு அமைப்பாளர் பேசுகிறேன். எல்லோரும் கூரை, தொட்டி என்று உயரத்திலேயே பேசுகிறீர்கள். கை கழுவும் இடத்தை யாரும் கேட்கவில்லை. 140 பிள்ளைகள் மதியம் ஒரே நேரத்தில் தட்டோடு வந்து நிற்பார்கள். இரண்டு குழாய் இருந்தால் எட்டாம் வகுப்புப் பையன்கள் கழுவிவிட்டுப் போவார்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முட்டையை எடுக்கும். பத்துக் குழாய் வைத்த ஒரு நீளத் தொட்டி கட்டுங்கள், பாதி உயரமாக, பாதி சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும்படி. கழுவிய நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் முருங்கைக்கும் போகட்டும். பண்ணையத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைத் திருப்பிவிடத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சோப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. திறந்த இடத்தில் வைத்தால் காகம் தூக்கிக்கொண்டு போய்விடும். சிரிக்காதீர்கள், எங்கள் பள்ளிக் கூரையில் கொத்திய சோப்புத் துண்டுகள் கிடந்தன. இப்போது வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் குழாயடியில் கட்டிவிடுகிறேன். வலையோடு தேய்த்தால் நுரையும் நன்றாக வரும்.

மஞ்சப்பை பற்றிப் பிள்ளைகளுக்கு நிறையப் பேசுகிறோம். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. நன்கொடையாளர் விழா வைத்தால் இலையில் சோறு போடுங்கள், தெர்மாக்கோல் தட்டு வேண்டாம். ஃபிளெக்ஸ் பேனரும் வேண்டாம்.

தொலைதூரன் | புதன், காலை 5.48

நகோயாவில் இருக்கிறேன். என் பிள்ளைகள் இங்கே தொடக்கப்பள்ளியில் தினமும் துடைப்பமும் துணியும் எடுத்து வகுப்பறை, தாழ்வாரம், பெரிய வகுப்பினர் கழிவறை வரை தாங்களே சுத்தம் செய்கிறார்கள். ஜப்பான் முழுக்க இது வழக்கம். செலவும் இல்லை, உழைப்பின் மதிப்பும் தெரிகிறது. நம் பிள்ளைகளையும் பழக்கினால் என்ன? சொல்லப்போனால் ஒகேனக்கல் திட்டத்துக்கும் ஜப்பான் கடன்தான்.

மழைக்காகம் | புதன், காலை 7.10

கடன் வாங்கலாம் ஐயா. இந்த வழக்கத்தை அப்படியே வாங்க முடியாது. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக எழுந்த புகாரில் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். டெங்கு வந்து ஒரு பிள்ளை படுத்த பிறகுதான் வீட்டில் கேட்டு விஷயம் வெளியே வந்தது. 'பிள்ளைகளைப் பழக்குவோம்' என்று இங்கே சொன்னால் எந்தப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் என்னோடு வந்தவர்கள் எல்லோரும் ஒரே தெரு. மற்றவர்கள் கரும்பலகைக்குக் கரி பூசினார்கள், அதுவும் 'உழைப்பின் மதிப்பு'தான்.

தொலைதூரன் | புதன், காலை 7.35

அந்தக் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. இங்கே முறை வைத்து எல்லோரும் செய்கிறார்கள், ஆசிரியரும் கூடக் குனிகிறார். அப்படி முறை வைத்தால் ஆகாதா?

மழைக்காகம் | புதன், காலை 7.52

முறைப் பட்டியல் காகிதத்தில் இருக்கும். மேல்தெருப் பிள்ளையின் முறை வரும் நாளில் அவன் அப்பா பள்ளிக்கு வந்து நிற்பார். மறுநாள் பட்டியல் மாறும். இங்கே வந்து ஒரு சிற்றூர்ப் பள்ளியை நடத்திப் பாருங்கள்.

நெறியாளர் | புதன், காலை 8.00

இருவரும் பொருளோடு பேசுகிறீர்கள், தொடரலாம். இடையில் மூன்றாமவர் ஒருவர் போட்ட பதிவை நீக்கியிருக்கிறேன், காரணம் அவருக்குத் தெரியும்.

சேலத்து வாத்தியார் | புதன், இரவு 9.05

எங்கள் பள்ளியில் வகுப்பறையைப் பெருக்குவதற்கு வரிசை எண் முறை. பையனும் பெண்ணும் சமம், நானும் ஒரு நாள். கழிவறை என்றால் சம்பளம் வாங்கும் பெரியவர், கையுறையும் காலணியும் போட்டு. கோட்டை அங்கே கிழித்துவிட்டோம். நான்கு ஆசிரியர்கள் இதை ஏற்கவில்லை, இன்னும் ஏற்கவில்லை.

ஆனால் சம்பளம்தான் முடிச்சு. எங்கள் பகுதியில் துப்புரவுப் பணியாளருக்குக் கிடைப்பது சொற்பம், அதுவும் மாதக்கணக்கில் நிலுவை. அவர் வராமல் போனால் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அம்மா பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 50,000 வர வேண்டும், 101 முதல் 250 மாணவர் வரை அதுதான் கணக்கு. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கு என்று விதி, அதாவது 5,000. பினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் சரியாகப் போகும். ஆளுக்கு வராது.

கட்டடக்காரன் | வியாழன், காலை 6.20

கணக்குப் போட்டேன். பழுது 40 ஆயிரம், கை கழுவும் தொட்டி 35, நான்கு கூரை 20, குடிநீர்த் தொட்டியும் இணைப்பும் 15, மரமும் கூண்டும் 10. மீதி 80 ஆயிரம். அதை வங்கியில் போட்டால் 7 விழுக்காட்டில் மாதம் 470 ரூபாய்கூட வராது, பிரயோசனமில்லை. அதற்குப் பதில் மாதம் 3,300 என்று இரண்டு ஆண்டுக்குத் துப்புரவுப் பணியாளரின் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அதற்குள் ஊராட்சியை நெருக்குங்கள்.

வேளச்சேரி அப்பா | வியாழன், காலை 7.00

கொடுப்பவர்கள் ஒப்ப மாட்டார்கள். சம்பளத்தில் பெயர்ப்பலகை மாட்ட முடியாதே.

அன்னக்கரண்டி | வியாழன், காலை 7.25

கை கழுவும் தொட்டியில் மாட்டட்டும். தினமும் 140 பிள்ளைகள் அதன் முன்னால் நிற்பார்கள், சுற்றுச்சுவர் மயிலை யார் பார்க்கிறார்கள்?

மருந்துச்சீட்டு | வியாழன், காலை 8.10

ஒன்று விட்டுப்போயிற்று. ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கின் வருகிறது. பயன்படுத்தியதைப் போட இடம்? மின் எரியூட்டி வாங்காதீர்கள், பல பள்ளிகளில் கம்பி எரிந்து மூலையில் நிற்கிறது, பிளாஸ்டிக் கலந்த நாப்கினைக் குறைந்த சூட்டில் எரிக்கும் புகையும் நல்லதன்று. கழிவறைக்குள் கொக்கி, மூடியுள்ள கூடை, பழைய செய்தித்தாள் கட்டு. எடுத்துச் செல்வதை ஊராட்சியின் குப்பை வண்டியோடு பேசி முடியுங்கள்.

தகடூர் அம்மா | வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. ஓசூரில் இருக்கும் தம்பிகளிடம் பேசினேன். ஓவியத்தை விட்டுக்கொடுக்க முதலில் மனமில்லை. பாட்டில் திரும்பி வருவதைச் சொன்னதும் ஒருவர் தன் தங்கையும் அப்படித்தான் இருந்தாள் என்றார், அதன் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. தீர்மான வாசகம் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'நன்கொடைத் தொகை 2,00,000 ரூபாயில் கழிவறைப் பழுது, கழிவுநீர்த் தொட்டி மூடி, பத்துக் குழாய்க் கை கழுவுமிடம், குடிநீர் இணைப்பு, நான்கு வகுப்பறைக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, பன்னிரண்டு மரக்கன்று ஆகியவை செய்யப்படும். மாணவர்கள் உதவியுடன் வளாகமும் கழிவறையும் தூய்மையாகப் பராமரிக்கப்படும். மீதித் தொகை துப்புரவுப் பணியாளருக்கு மாத ஊதியமாக வழங்கப்படும்.'

மழைக்காகம் | வியாழன், இரவு 9.58

இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடுங்கள் அம்மா. நீங்கள் நல்ல எண்ணத்தில் எழுதியிருப்பீர்கள். பதிவேட்டில் ஏறிவிட்டால் அடுத்துவரும் தலைமை ஆசிரியர் அதைக் காட்டுவார்.

தகடூர் அம்மா | வியாழன், இரவு 10.03

எடுத்துவிட்டேன். 'கழிவறைத் தூய்மைப் பணியில் மாணவர்களை ஈடுபடுத்தக் கூடாது' என்று சேர்த்திருக்கிறேன். மாத ஊதியத்தைப் பணியாளர் கையில் ரொக்கமாகக் கொடுக்கலாமா, வங்கிக் கணக்கில் போட வேண்டுமா?

சேலத்து வாத்தியார் | வியாழன், இரவு 10.15

கணக்கில் போடுங்கள். மேலாண்மைக் குழுக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு, ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் என்று தேதியையும் தீர்மானத்தில் எழுதுங்கள். தணிக்கையில் கேள்வி வராது, அவரும் யாரிடமும் வந்து நிற்க வேண்டியதில்லை.